பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை): கேள்வி பதில்

கேள்வி: முட்டையிடும்போது ஆமை அழுகிறதே, வலியா?

வலி இல்லை. உடம்பில் சேரும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது வழியும், நமக்குத் தெரியாது. கண்ணை விடுங்கள், பின்துடுப்பைப் பாருங்கள். ஒரு துடுப்பு குழிக்குள் போய், உள்ளங்கை மாதிரிக் குவிந்து, ஒரு பிடி மணலை அள்ளி ஓரமாக வைக்கும். உடனே மறு துடுப்பு இறங்கும். திரும்பிப் பார்க்காமலே ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போல ஒரு குழி! அதில் 100, 120 முட்டை. மூடியதும் இடமும் வலமும் ஆடி, ஓட்டால் தட்டி மணலை இறுக்கும். தயவுசெய்து டார்ச் அடிக்காதீர்கள். முட்டையிடும் முன் வெளிச்சம் பட்டால் அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: எத்தனை நாளில் பொரிக்கும்?

45 முதல் 60 நாள்.

கேள்வி: குஞ்சுகளை வாளியில் எடுத்துக் கடலில் விடலாமா?

வேண்டாம். மணலில் ஊர்ந்தே போகட்டும்.

கேள்வி: எங்கள் கிணற்று ஆமை சாப்பிடவில்லை.

நன்னீர் ஆமை என் துறை இல்லை. வனத்துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பது இயற்கைக்கு விரோதமில்லையா?

ஒடிசாவின் ருஷிகுல்யா கரையில் ஆயிரக்கணக்கில் கூட்டமாக முட்டையிடுகின்றன. அங்கே எல்லாக் கூட்டையும் தோண்டி எடுக்கச் சொன்னால் நானே எதிர்ப்பேன். சென்னைக் கரை வேறு. இங்கே நாய் தோண்டுகிறது. தப்பிப் பொரித்த குஞ்சு தெருவிளக்கைப் பார்த்துச் சாலைக்கு ஏறுகிறது. இருட்டில் தரையைவிடக் கடல்தான் வெளிச்சம். அந்த வழிகாட்டியை நாம் கெடுத்துவிட்டோம். அதனால்தான் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டை சேர்க்கிறார்கள்.

கேள்வி: அப்போ விளக்கை அணைத்தால் போதுமே? பொரிப்பகத்தில் நிழல் போட்டால் எல்லாம் ஆணாகிவிடாதா?

விளக்கை அணைக்கத்தான் வேண்டும், ஆனால் நாய்க்கு அது பதில் ஆகாது. நிழல் பற்றிய கேள்வி நியாயமானது. மணல் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண். ஆகவே நிழலைக் கண்மூடித்தனமாகப் போடக்கூடாது. கூட்டின் ஆழத்தில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்துவிட வேண்டும். தாமதித்து உருட்டினால் கரு செத்துவிடும். இதைத் தெரியாதவர்கள் கூட்டில் கை வைக்கவே கூடாது.

கேள்வி: வாளி இல்லை சார், பக்கெட்டில் எடுத்துப் போனால்?

அதே பதில்தான். போனில் ஃபிளாஷும் வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு காப்பாற்றியும் ஏன் செத்து ஒதுங்குகின்றன?

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகும். வலையில் ஆமை வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டம் உண்டு. அதைப் பொருத்தினால் ஆமை பிழைக்கும்.