குறிப்பேட்டைக் கேட்டால் என்ன செய்வது? போராட்டங்களை ஆய்வு செய்வோரின் கேள்விகள்

கேள்வி: போராட்டக் களத்துக்குப் போகும்போது பல்கலைக்கழக அடையாள அட்டையை மாட்டிக்கொள்கிறேன். அது என்னைக் காப்பாற்றுமா?

பதில்: தடியடி தொடங்கிய பிறகு அட்டையை யாரும் வாசிப்பதில்லை. பத்திரிகையாளருக்காவது சில இடங்களில் ஒதுங்கி நிற்க வழி விடுவார்கள். போலீஸ் கண்ணுக்கு நீங்கள் கூட்டத்தில் ஒருவர். சில சமயம் எல்லோரையும் தெரிந்த, எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிற ஒருவர். அது இன்னும் ஆபத்து. அட்டை உதவுவதெல்லாம் பிறகுதான், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும். என்ன ஆய்வு, யார் நெறியாளர் என்று துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் கூடவே இருக்கட்டும். வழக்கறிஞரின் எண்ணைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். முதலில் பிடுங்குவது போனைத்தான். முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: யாரிடமெல்லாம் பேட்டி எடுத்தேன் என்று போலீஸ் கேட்கிறது. பெயரை வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுக்க எனக்கு உரிமை உண்டா?

பதில்: வந்த கேள்விகளிலேயே கடினமானது இதுதான். போலீஸ் வாய்வார்த்தையாகக் கேட்பது வேறு, நீதிமன்றம் உத்தரவிடுவது வேறு. முன்னதற்கு "என் வழக்கறிஞர் வரட்டும்" என்ற ஒரே பதில் போதும். அரட்டை போலத் தொடங்கும் விசாரணைக்கும் அதே பதில்தான். பின்னது வந்துவிட்டால், டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பது போன்ற பாதுகாப்பு ஆய்வாளருக்குப் பெரும்பாலும் இல்லை.

ரிக் ஸ்கார்ஸ் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் இயக்கங்களை ஆராய்ந்த சமூகவியல் மாணவர். விலங்குரிமைக்காரர்கள் ஓர் ஆய்வகத்தில் புகுந்த வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டு, சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனாலும் நீதிமன்ற அவமதிப்புக்காக 1993-ல் 159 நாள் சிறையில் இருந்தார். அமெரிக்காவிலேயே பாஸ்டன் கல்லூரியின் கதை வேறு மாதிரி. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம், "நீங்கள் இறக்கும்வரை வெளியே வராது" என்று சொல்லிக் குரல் பதிவு செய்தார்கள். 2011-ல் அந்தப் பதிவுகளைக் கேட்டு அழைப்பாணை வந்தது. பதிவுகளில் ஒரு பகுதி வட அயர்லாந்து போலீஸ் கைக்குப் போயிற்று.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் "எந்தச் சூழ்நிலையிலும்" என்று எழுதாதீர்கள். அதைவிட முக்கியம், கேட்டால் கொடுப்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. களத்திலேயே புனைபெயரில் எழுதுங்கள். எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் தேவையில்லை என்றால் உருவாக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: உத்தரவு வந்த பிறகு அழிப்பது பல நாடுகளில் குற்றம். அழிக்க வேண்டியதை ஆய்வுத் திட்டத்திலேயே தேதி குறித்து, அந்தத் தேதியில் அழியுங்கள்.

கேள்வி: நான் புத்தகப் புழு. களத்துக்கே போவதில்லை. எனக்கென்ன பயம்?

பதில்: ஆண்ட்ரே ஹோல்மும் ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. நகரங்களில் ஏழைகள் இடம்பெயர்க்கப்படுவதை ஆராய்ந்த பெர்லின் சமூகவியலாளர் அவர். 2007 ஜூலை 31-ல் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் கைதானார். தீவைப்புகளுக்குப் பொறுப்பேற்ற ஒரு குழுவின் அறிக்கைகளில் வந்த அதே கலைச்சொற்கள் அவர் கட்டுரைகளிலும் இருந்தன என்பது சந்தேகத்துக்கான காரணங்களில் ஒன்று. அவரோடு சேர்த்துச் சந்தேகிக்கப்பட்ட இன்னோர் ஆய்வாளர் மீது, நூலகத்தைச் சந்தேகம் எழாமல் பயன்படுத்தக்கூடியவர் என்பதும் ஒரு காரணம்! ஹோல்முக்கு மூன்று வாரம் சிறை. 2010-ல் வழக்கு கைவிடப்பட்டது. அவர் கைதானதும் பல நாட்டு அறிஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அது கண்துடைப்பு அல்ல. கைதானவரைத் தேட வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே உள்ளே நடத்தும் விதம் மாறுகிறது.

கேள்வி: விசாரணையில் அடித்தார்கள். புகார் கொடுத்தால் இனி களப்பணிக்கு அனுமதி கிடைக்காது என்கிறார் என் நெறியாளர்.

பதில்: அனுமதி யாருக்குத் தேவை, உங்களுக்கா அவருக்கா? இருக்கட்டும். புகார் கொடுப்பதை அடுத்த மாதம்கூட முடிவு செய்யலாம். கன்றிய தோல் அதுவரை காத்திருக்காது. இன்றே மருத்துவரிடம் போங்கள். சித்திரவதைத் தடயங்களைப் பதிவதற்கென்றே 1999-ல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது; மனக் காயத்தையும் அதன்படி பதியலாம். காயத்துக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நேரம், அறை, யார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் தூங்குவதற்கு முன் எழுதிவிடுங்கள்.

கேள்வி: வேறு நாட்டில் களப்பணி. என் பாஸ்போர்ட் எனக்குக் கவசமா?

பதில்: ஜூலியோ ரெஜேனியிடம் இத்தாலிய பாஸ்போர்ட் இருந்தது, கேம்பிரிட்ஜின் பெயரும் இருந்தது. எகிப்தின் சுயேச்சைத் தொழிற்சங்கங்களை ஆராய்ந்த அவர் 2016 ஜனவரி 25-ல் கெய்ரோவில் காணாமல் போனார். பிப்ரவரி 3-ல் சித்திரவதைத் தழும்புகளோடு சாலையோரம் உடல் கிடைத்தது. அவர் ஆய்வுக்காகச் சந்தித்த தெருவியாபாரிகள் சங்கத் தலைவரே போலீஸுக்காக அவர் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தார்.

அவ்வளவு தூரம் போகாத நாடுகளே அதிகம். அங்கே உங்களை விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். உங்களோடு அலைந்த மொழிபெயர்ப்பாளர் அங்கேயேதான் இருப்பார், கேட்க அவருக்குத் தூதரகமும் இல்லை. அவரைப் பிடித்தால் வழக்கறிஞர் செலவு எந்த நிதியிலிருந்து வரும் என்று, கிளம்புவதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.