தூளித் துணியோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கேள்வி: அக்கா, வீட்டிலேயே ஜப்லா, லங்கோடு, தூளித் துணி தைத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். ஆள் நான் ஒருத்திதான். வாங்குகிறவர்கள் பால் பாட்டில் இருக்கா, சத்துமாவு கிடைக்குமா, வசம்பு வளையல் உண்டா, கிலுகிலுப்பை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கி வைத்தால் வியாபாரம் பெருகும் என்கிறார் கணவர். வைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. துணியிலேயே நில்லுங்கள். நானும் ஈரோட்டில் தனி ஆளாகக் குழந்தைத் துணி தைத்து விற்கிறவள்தான். நீங்கள் சொன்ன நான்கையும் என்னிடமும் கேட்கிறார்கள். நான்குக்கும் ‘இல்லை’ என்றுதான் சொல்கிறேன்.

பால் பாட்டிலை விற்கத் தடை இல்லை, விளம்பரம் செய்யத் தடை இருக்கிறது. 1992-இல் வந்து 2003-இல் இன்னும் இறுக்கப்பட்ட சட்டம் அது. பால் பாட்டில், தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால் பவுடர், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கும் உணவு, இந்த மூன்றுக்கும் விளம்பரம் கூடாது. நம் கடையே போனில் போடும் படம்தானே? ஸ்டேட்டஸில் பாட்டில் படம் போட்டு ‘இன்று மட்டும் தள்ளுபடி’ என்று எழுதினால் அது விளம்பரம்தான். சட்டத்தை விடுங்கள். சரியாகக் கழுவாத ரப்பர் காம்பில் தங்கும் பால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைக்கூடப் பாலாடைக் கிண்ணத்தில் புகட்டுங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். பிள்ளை பெற்று நான்கு நாள் ஆன பெண் நம்மை நம்பிக் கேட்கிறாள். அவளிடம் பாட்டிலை விற்க எனக்கு மனம் வராது.

‘ஆறு மாதம் முதல் கொடுக்கலாம்’ என்று எழுதி சத்துமாவு விற்றால் அதுவும் இதே சட்டத்துக்குள் வந்துவிடும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் எந்த மாவையும் விற்கவும் முடியாது.

வசம்பு வளையலைப் பற்றித்தான் எனக்குப் பயமே. காலங்காலமாகக் கட்டுகிறோம், உண்மைதான். ஆனால் மூன்று மாதப் பிள்ளை கையை எங்கே வைத்திருக்கும்? வாயில்தான். எச்சிலில் ஊறிக் கயிறு அறுந்தால் ஒரு துண்டு போதும், தொண்டையில் சிக்கிக்கொள்ள. கண்ணேறுக்குக் கட்டியது உயிருக்கே ஆபத்தாகக் கூடாது. கேட்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். முகம் சுளிக்கிற பாட்டிகூட அப்புறம் பேத்திக்குத் துணி வாங்க உங்களிடமே வருவார்.

பொம்மை விஷயம் சுருக்கமானது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மிச்சத் துணியில் யானைப் பொம்மை தைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். துணிப் பொம்மையும் இதில் அடக்கம். மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு.

சரி, பின்னே வியாபாரம் எப்படிப் பெருகும்? துணிக்குள்ளேயே நிறைய இடம் இருக்கிறது. நம் வீடுகளில் பலர் பிள்ளை பிறக்கும் முன் எதுவும் வாங்க மாட்டார்கள். முதலில் போடுவதே பழைய துணிதான். பிறந்த பிறகு, பெயர் வைக்க, தொட்டில் போட என்று நாள் குறித்ததும் ஒரே அவசரமாகக் கேட்பார்கள். ஆகவே ஆர்டர் வந்தபின் தைப்பது நமக்கு ஒத்துவராது. கையில் தயாராக இருக்க வேண்டும். ஆனால் பிறந்த குழந்தை அளவைக் குவித்து வைக்காதீர்கள். சில வாரத்தில் அது பற்றாமல் போய்விடும். மூன்று முதல் ஆறு மாத அளவே அதிகம் இருக்கட்டும். வாங்குகிறவர்களில் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர்தான் பெரும்பாலும்; பரிசுக்கு எடுப்பவர்கள் பெரிய அளவையே விரும்புவார்கள். வளைகாப்புக்கு எடுப்பவருக்கு ஆணா பெண்ணா என்று தெரியாது. அதைச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சந்தன நிறமும் இளமஞ்சளும் யாருக்கும் பொருந்தும், தேங்காது.

தைக்கும் முன் மல் துணியை ஒருமுறை அலசிக் காயப்போடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். அடர் நிறத் துணி என்றால் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி நமக்கு வேண்டாம். கழுத்தில் நாடா வேண்டாம். பட்டன் வேண்டவே வேண்டாம். தூளிக்கு மல் ஆகாது. பிள்ளையின் எடையைத் தாங்கக் கெட்டிக் காடாதான் சரி.

கேள்வி: பக்கவாட்டில் நாடா வைத்த ஜப்லாவுக்கு 180 ரூபாய் சொன்னால், ‘இத்தனூண்டு துணிக்கா?’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். விலையைக் குறைக்கவா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: குறைக்காதீர்கள். துணி 60 ரூபாய், நூல், நாடா, கவர் எல்லாம் 15 என்று வைத்துக்கொள்வோம். வெட்டித் தைத்து மடிக்க முக்கால் மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் உங்கள் கூலி என்றால் அதில் 60. இதுவே 135 ஆகிவிட்டது. கறை பட்டது, விற்காமல் நின்றது, கரண்ட் பில் என்று இன்னும் 20. மிஞ்சுவது 25 ரூபாய்தான். பெரும்பாலான பெண்கள் அந்த 60 ரூபாயைக் கணக்கிலேயே எழுதுவதில்லை. பிள்ளை தூங்கும் நேரத்தில் தைத்தாலும் அது உழைப்புதான், அதற்குக் கூலி உண்டு. அளவு சிறியது என்பதால் வேலை குறையாது. சின்னக் கைக்குழி வளைவைத் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெருங்கிய சொந்தம் என்றால் ஒன்றை முழுசாகப் பரிசாகக் கொடுங்கள். பாதி விலைக்கு விற்காதீர்கள், அந்த விலைதான் ஊர் முழுக்கப் பரவும்.

கேள்வி: பெங்களூரிலிருந்து ஆர்டர் வருகிறது. ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?
– வாசகி, கரூர்

பதில்: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை தேவையில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்குத் துணி அனுப்புவதென்றால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். பெங்களூர் ஆர்டர் மாதம் ஒன்றிரண்டுதான் என்றால் இப்போதைக்கு அந்த ஆர்டரை ஏற்காமல் விட்டுவிடுங்கள். தொடர்ந்து வருகிறது என்றால் ஒரு வரி ஆலோசகரைப் பார்த்துப் பதிவை எடுத்துவிடுங்கள். கையோடு, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்டு யாராவது போன் செய்தால் கொடுக்காதீர்கள்.