நீச்சல் தெரியாது, ஸ்கூபா போகலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: "நாங்கள் நெய்வேலியில் இருக்கிறோம். எனக்கு 39 வயது, கணவருக்கு 46, மகனுக்கு 12. அரையாண்டு விடுமுறையில் புதுச்சேரி, கடலூர் பக்கம் மூன்று நாள் தங்கி ஸ்கூபா டைவிங், சர்ஃபிங், பிச்சாவரத்தில் கயாக்கிங் மூன்றையும் முடித்துவிட்டு அப்படியே ஏற்காடு போகலாம் என்று திட்டம். எனக்கும் மகனுக்கும் நீச்சல் தெரியாது. கணவர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எங்களால் முடியுமா? எதை முதலில் செய்வது?"

முடியும். ஆனால் டிசம்பர் கடைசியில் வேண்டாம். மூன்றையும் ஒரே பயணத்தில் அடைக்கவும் வேண்டாம். நெய்வேலியில் இருப்பவர்களுக்கு இந்தக் கடல் பக்கத்து வீடு மாதிரி. சென்னையில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ வருகிறவர்களைப் போல எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. பொங்கல் விடுமுறைக்குப் பிச்சாவரம், ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஸ்கூபா என்று பிரித்துக்கொள்ளுங்கள். சர்ஃபிங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டிசம்பர் ஏன் கூடாது? நம் கரைக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று, சரியாக நீங்கள் சொல்லும் அரையாண்டு விடுமுறையில். ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறியது 2024 நவம்பர் 30 இரவு. புயல் வராத ஆண்டிலும் தென்பெண்ணையும் கெடிலமும் வண்டல் கலந்த நீரைக் கடலில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் கடலுக்கு அடியில் போனால் நீட்டிய கையின் விரல்கள்கூட மங்கலாகத்தான் தெரியும். பணம் கட்டிக் கலங்கல் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? பிப்ரவரிக்கு மேல் மழைநீர் வடிந்து, அலை அடங்கி, தண்ணீர் தெளியத் தொடங்கும். ஏப்ரலில் வெயில் கடுமைதான். ஆனால் படகு காலையிலேயே கிளம்பிவிடும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பி, கடல் முரட்டுத்தனமாக மாறுவதற்குள் திரும்பிவிடலாம்.

இப்போது உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். முதல்முறை ஸ்கூபா போகிறவருக்கு நீச்சல் தெரிந்தே ஆக வேண்டும் என்று இல்லை. அறிமுக டைவிங் என்று ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர் உங்களைக் கையில் பிடித்தபடியே கூட்டிப்போவார். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், குறைந்தபட்ச வயது 10. மகன் தாராளமாகப் போகலாம். ஸ்கூபாவில் நீங்கள் கை கால் அடித்து மிதக்கப் போவதில்லை. காற்று நிரப்பிய ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும், இடுப்பில் கட்டிய எடை கீழே இறக்கும். உங்கள் வேலை இரண்டே இரண்டு. மூச்சை அடக்காமல் இழுத்து விட்டுக்கொண்டே இருப்பது ஒன்று, காதைச் சமன் செய்வது மற்றொன்று.

மூச்சு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உயிர் இருக்கிறது. கடல்மட்டத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிறது. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய அதே காற்று விரிந்து இரண்டு மடங்கு இடம் கேட்கும். நுரையீரல் அதைத் தாங்காது. பயந்தவர்கள் இயல்பாகச் செய்வது மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது. நான் சொல்லிக்கொடுப்பவர்களிடம் முதல் அரை மணி நேரமும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பயம் வந்தால் மூச்சை விடு, கையைக் காட்டு, நில்.

காதுக்கு வருவோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் காதுக்குள் 'டப்' என்று திறக்கும். விமானத்திலோ மலைப் பாதையிலோ காது அடைத்தபோது செய்திருப்பீர்கள். இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் இதைச் செய்ய வேண்டும், வலி தொடங்குவதற்கு முன்பே. வலித்தால் சிறிது மேலே ஏறித் திரும்ப முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று போகவே கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒருவர், கட்டிய பணம் போய்விடுமே என்று சளி இருப்பதைச் சொல்லாமல் என்னோடு இறங்கினார். நான்கு மீட்டரில் வலி, அப்போதும் சைகை காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். மேலே வந்தபோது காதில் ரத்தம். செவிப்பறை ஆற வாரக்கணக்கில் ஆனது. அன்றிலிருந்து நான் எல்லோரையும் படகில் ஏறும் முன் மூக்கைச் சிந்திக் காட்டச் சொல்கிறேன்.

கணவர் விஷயம். நல்ல டைவிங் பள்ளி எதுவும் முதலில் மருத்துவக் கேள்வித்தாள் ஒன்றைக் கையில் கொடுக்கும். ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் எல்லாம் அதில் கேட்டிருக்கும். 'ஆம்' என்று ஒன்றுக்குப் பதில் வந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால் பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். அவர் எடுக்கும் மாத்திரையின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள், சில மாத்திரைகள் உடல் உழைப்பைத் தாங்கும் அளவைக் குறைக்கும். தயவுசெய்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாளையே கொடுக்காமல் 'வாங்க சார், அரை மணி நேரம்தான், போட்டோ வீடியோ ஃப்ரீ' என்று யாராவது கூப்பிட்டால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் இவற்றையும் கேட்டுவிடுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? உங்களைப் போன்ற புதியவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர்தான் சரி. கடலுக்கு முன் குளத்திலோ ஆழமற்ற நீரிலோ பயிற்சி உண்டா? படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல், எடுத்துக் காட்டிப் பதில் சொல்கிற இடத்தில் பணம் கட்டுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். முந்தின இரவு மது கூடாது. புதுச்சேரிக்கு வருகிற பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம் அந்த ஏற்காடு. இதைக் கேட்டது மிக நல்லது. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் உடலில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், மூடியைத் திறந்த பன்னீர் சோடாவில் வருகிற மாதிரி குமிழிகள் உடலுக்குள் உருவாகலாம். மூட்டு வலியில் தொடங்கி முதுகுத்தண்டு வரை பாதிக்கும். அதனால்தான் ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மலைப்பாதைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். அறிமுக டைவிங்கில் ஆழமும் நேரமும் குறைவு என்பதால் ஆபத்து சிறியதுதான். ஆனாலும் நான் முழுதாக ஒரு நாள் விட்டுத்தான் மலை ஏறச் சொல்வேன். முதல் நாள் ஸ்கூபா, இரண்டாம் நாள் புதுச்சேரித் தெருக்களில் நடை, மூன்றாம் நாள் ஏற்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைத்தான் நான் இதற்கெல்லாம் மேலாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் பட்டியலிட்ட மூன்றையும்விட எனக்குப் பயம் தருவது, அவற்றுக்கு நடுவே 'சும்மா கால் நனைக்கலாம்' என்று கடற்கரையில் இறங்கும் அந்தப் பத்து நிமிடம். அங்கே பயிற்சியாளர் இல்லை, லைஃப் ஜாக்கெட் இல்லை, யாரும் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. புயலோ மழையோ இல்லாத நாள். தொலைதூரக் கடலில் எழுந்து வரும் 'கள்ளக்கடல்' பெருக்குக்கு ஏற்கெனவே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது.

நம் கரை செங்குத்தானது. பாய்மரக் கப்பல் காலத்தில் அலை தாண்டிக் கரையேற முடியாமல் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தார்கள். அந்த அலை இன்றும் அப்படியே இருக்கிறது. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் இரண்டடி வைத்தால் இடுப்பாழம். அதோடு, கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் மாதிரி வழி பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பு இருக்கும் இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும். 'இங்கே அலையே இல்லை, பிள்ளைகளை இறக்கலாம்' என்று குடும்பங்கள் தேடிப்போய் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். கற்கள் கொட்டிய தடுப்புகளை ஒட்டியும், ஆற்று முகத்துவாரத்திலும் இந்த இழுப்பு அதிகம். சுண்ணாம்பாற்றில் படகேறிப் போகிற பாரடைஸ் கடற்கரையிலும், தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் முகத்துவாரப் பக்கம் ஒதுங்காதீர்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கட்டுமரத்தைத் தள்ளும் முன் துடுப்பை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் கடலையே பார்த்து நிற்பார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஒரு ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வுக்குத்தான் காத்திருப்பது. நீங்களும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறலாம். காப்பாற்றப் போகிறேன் என்று யாரும் பின்னால் குதிக்க வேண்டாம். மூடிய காலித் தண்ணீர் கேன் ஒன்றை எறியுங்கள், பெரியவரைக்கூட அது தாங்கும். கடலோரக் காவல் படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கிளம்பும் முன் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஒன்றாம் எண் கூண்டு ஏறிவிட்டது என்று செய்தி வந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

சர்ஃபிங் இப்போதைக்கு உங்கள் மூவருக்கும் வேண்டாம் என்பேன். தந்திராயன்குப்பம் செரினிட்டி கடற்கரையில் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆனால் அங்கேயும் கல் தடுப்புகள் உண்டு. பலகையில் இருந்து விழுவதுதான் முதல் வாரப் பாடமே. நீச்சல் தெரியாதவருக்கு ஒவ்வொரு விழலும் பீதி. ஸ்கூபாவுக்கு முன் கிடைக்கிற மூன்று மாதத்தில் நீச்சல் குளத்துக்குப் போய் மல்லாந்து மிதக்கவாவது நீங்களும் மகனும் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த ஆண்டு மென்பலகையில், இடுப்பளவு நீரில் தொடங்கலாம்.

பிச்சாவரம்தான் உங்கள் முதல் படி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்த இந்த அலையாத்திக் காட்டின் கால்வாய்களில் அலை கிடையாது, பல இடங்களில் ஆழமும் குறைவு. 2004 ஆழிப்பேரலையின் வேகத்தை உடைத்துப் பின்னால் இருந்த ஊர்களைக் காத்தவை இந்த மரங்கள். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விசைப்படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். துடுப்புப் படகோ கயாக்கோ எடுத்தால்தான் சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் குறுகலான வழிகளுக்குள் நுழைய முடியும். மகனுக்கு இருவர் கயாக், பின்னால் அனுபவசாலி ஒருவர். லைஃப் ஜாக்கெட்டின் பட்டிகளை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு சரியில்லை. வேர்களில் சிப்பிகள் ஒட்டியிருக்கும், கையோ காலோ பட்டால் கிழித்துவிடும். வார் வைத்த செருப்பு போடுங்கள். கிளைகளை ஒடிக்காதீர்கள். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் இங்கேதான் இருக்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

உடை: முழுக்கை டி-ஷர்ட், லெகிங்ஸ் போதும். புடவை, துப்பட்டா, ஜீன்ஸ் மூன்றும் நனைந்தால் ஆளை இழுக்கும். காணும் பொங்கல் அன்று மட்டும் பிச்சாவரம் போகாதீர்கள், படகுக்கு வரிசையிலேயே வெயில் ஏறிவிடும். அடுத்த சனிக்கிழமை காலையில், படகுத் துறை திறக்கும்போதே போய் நில்லுங்கள். அது தை ஐந்தாம் நாளாக அமைந்துவிட்டால் கடலூர்ப் பக்கம் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழாக் கூட்டம் இருக்கும். அந்தப் பக்கம் திரும்பாமல் நேராகச் சேத்தியாத்தோப்பு வழியே சிதம்பரம் போய்விடுங்கள்.