கிளென் கூல்டும் ஒட்டுவேலையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்ததால் கனடாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த, ஒரு மெட்டையும் அதன் மாறுபாடுகளையும் கொண்ட பாஹின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ கேட்டேன். 1981 பதிவு. புது ஹெட்ஃபோனில் கேட்டபோது பின்னால் யாரோ முனகிக்கொண்டே இருப்பது தெரிந்தது. அவரேதான் பாடுகிறாராம். அதை நீக்கிய பதிப்பு கிடைக்குமா? தேடியபோது வேடிக்கையான செய்திகள் நிறைய வந்தன. கால் அறுத்த நாற்காலி, கோடையிலும் கையுறை, ஓவர்கோட். ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒன்றையே பலமுறை வாசித்துப் பதிவுசெய்து, அந்த டேக்குகளை வெட்டி ஒட்டித்தான் இசைத்தட்டு போடுவாராம். கச்சேரி மேடையை விட்டே ஓடிவிட்டாராம். அப்படியென்றால் நாம் கேட்பது உண்மையான வாசிப்புதானா? இது ஒருவகை ஏமாற்று இல்லையா? 1955, 1981 இரண்டு பதிவுகளில் எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

முனகல் இல்லாத பதிப்பு ஒன்று உண்டு. 1955 பதிவைக் கணினியில் அலசி, எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தித் தொட்டார் என்று கணக்கெடுத்து, தானே இயங்கும் யமஹா பியானோ ஒன்றை அதன்படி வாசிக்கவைத்து 2007ல் சோனி வெளியிட்டது. பியானோ முன் ஆள் கிடையாது. உங்களுக்கு வேண்டியது அதுதான் என்றால் தாராளமாகக் கேளுங்கள். கூல்டுக்குப் பத்து வயதுவரை பியானோ சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா. வாசிப்பதை வாயாலும் பாடு என்று பழக்கியவர். அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. கொஞ்ச நாள் கேளுங்கள், காது பழகிவிடும். பழகவில்லையா, உலகத்தில் வாய்மூடி வாசிக்கிற பியானோக்காரர்களுக்குப் பஞ்சமில்லை.

நாற்காலியைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமே இல்லை. கூல்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் நேராகப் போய் அதில்தான் உட்காருகிறார்கள். அப்புறம் எழுந்திருப்பதில்லை.

ஆனால் ‘ஏமாற்று’ என்று எழுதிவிட்டீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இது. கை படாததுதான் அசல் என்றொரு நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரே இரவில் எழுதி முடித்த நாவல் என்றால் கும்பிடுகிறோம். பத்துமுறை திருத்தியது என்றால், “அப்போ சரக்கு இல்லையோ?” என்று சந்தேகப்படுகிறோம். என் கதைகளைப் பற்றியே இப்படிக் கடிதம் வருகிறது. கச்சேரியில் குரல் பிசிறினால் அது உயிர், ஒலிப்பதிவில் அதைத் திருத்தினால் பொய். யார் போட்ட சட்டம் இது?

‘ஓடிவிட்டார்’ என்கிறீர்கள். யார் துரத்தினார்கள்? 1957ல் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் கொண்டாடப்பட்டவர் அவர். 1964 ஏப்ரல் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் வாசித்ததுதான் கடைசி மேடை. வயது 31. கைதட்டலையே தடைசெய்ய வேண்டும் என்று அதற்கு இரண்டு வருடம் முன்பு பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் எழுதியிருந்தார். மேடையில் அவருக்கு இருந்த பெரிய மனக்குறை, இரண்டாவது டேக் கிடையாது என்பதுதான். இப்படி ஒரு ஆள் ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்தால் நீங்கள் அதை ஓட்டம் என்பீர்களா?

இந்த விஷயத்தில் அவர் எதையும் மூடி மறைக்கவுமில்லை. ஒலிப்பதிவின் எதிர்காலம் பற்றி 1966ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பாஹின் ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதல் தொகுதியில் வருகிற ஏ மைனர் ஃப்யூகை எப்படிப் பதிவு செய்தார் என்று அதில் அவரே சொல்கிறார். ஃப்யூக் என்றால் ஒரே மெட்டைப் பல குரல்கள், அதாவது பியானோவிலேயே ஓடும் தனித்தனி இசை இழைகள், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு பின்னிப் போவது. இதில் நான்கு குரல்கள், நான்கும் பியானோவின் நடுப்பகுதியிலேயே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகும். எட்டு டேக் எடுத்தார்கள். ஆறாவதும் எட்டாவதும் பழுதில்லை. இரண்டிலும் ஒரு சின்ன ஒட்டுக்குக்கூட அவசியமில்லை. நீங்கள் கேட்கிற ‘உண்மையான வாசிப்பு’ அப்போதே இரண்டு பிரதி தயாராகக் கையில் இருந்தது.

சில வாரம் கழித்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். இரண்டுமே சலிப்பூட்டின. ஃப்யூகின் அடிப்படை மெட்டு 31 சுரங்கள் கொண்டது. ஆறாவது டேக்கில் அதைச் சுரங்களை இழைத்து, கனமாக, கொஞ்சம் ஜம்பமாக வாசித்திருந்தார். எட்டாவதில் தனித்தனியாகத் தெறிக்கவிட்டு, குதூகலமாக. தனியாகக் கேட்டால் முன்னது ஒரே விறைப்பு, பின்னது காரணமில்லாத கொண்டாட்டம். ஆனால் இரண்டின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதை அங்கிருந்த யாரோ கவனித்தார்கள். உடனே யோசனை பிறந்தது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவது டேக்கின் கம்பீரம், நடுவில் சுருதி மாறி மாறிப் போகிற பகுதிக்கு எட்டாவதின் துள்ளல். 14ஆவது பாரில், அதாவது தாளச் சுற்றில், ஒரு வெட்டு, தொடங்கிய ஏ மைனருக்கே திரும்புகிற இடத்தில் இன்னொன்று. மொத்தமே இரண்டு ஒட்டு. அதில் கிடைத்தது, எட்டு முறை வாசித்தபோதும் அவருக்கே தோன்றாத ஒரு வாசிப்பு. ஸ்டூடியோவில் பியானோ முன்னால் இருந்தவருக்குத் தெரியாதது எடிட்டிங் அறையில் கேட்க உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆள்தானே? இதில் ஏமாந்தவர் யார்?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் எனக்கு அடுத்த அறையில் ஒருவர் இருந்தார். கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவு உதவியாளராக வெகுகாலம் வேலை பார்த்தவர். மேற்கத்திய இசை பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாது என்பதில் வெட்கமும் கிடையாது. நூலகத்தில் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்து அவரிடம் கதையாகச் சொன்னேன். இரவல் வாங்கிய கேசட்டைப் போட்டு, வெட்டு எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்றேன். பீடியை அணைத்துவிட்டு டேப் ரெக்கார்டரோடு காதை ஒட்டிக்கொண்டார். திருப்பித் திருப்பி ஓடவிட்டார். பிறகு விரலைத் தூக்கி, “இந்தா, இங்க” என்றார்.

“வெட்டு கேக்குதா அண்ணே?”

“வெட்டு எங்கடா தம்பி கேக்கும்? பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சு வெட்டியிருப்பான். நேரா வெட்டினாத்தான் டப்புனு கேக்கும். மனுசன் மனசு மாறுறது கேக்குது பாரு.”

பெரிய டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடும், அதனால் அரை வினாடி என்பது ஒரு சாண் நீளம் என்று கையை விரித்துக் காட்டினார். ஒரு பாட்டில் மூச்சு வாங்குவதையும் வயலின் வில் திரும்புவதையும் வைத்து எங்கே வெட்டலாம் என்று எப்படி முடிவு செய்வார்கள் என்று நடுநிசி வரை பேசினார். தன் பெயர் எந்தத் தட்டிலும் வந்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒட்டுவேலை என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்கு அந்த விரிந்த கைதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகக் கேட்கிற காது உங்களுடையது, இல்லையென்றால் முனகல் உறுத்தியிருக்காது.

1955ஆ 1981ஆ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் நியூயார்க்கில் ஒரே ஸ்டூடியோவில் எடுத்தவை, ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது 51. 1955ஐ முதலில் கேளுங்கள். தொடக்கத்தில் வருகிற ஆரியாவை, அதாவது மூல மெட்டை, அதில் கடைசியாகத்தான் பதிவு செய்தார். பின்னால் வரப்போவதைக் காட்டிக்கொடுக்காத ஒரு முகம் அதற்குக் கிடைக்க இருபது டேக் ஆயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். அதுவும் ஏமாற்று என்றால் என்னிடம் பதில் இல்லை.

எனக்கும் அவரோடு சண்டை உண்டு. மொத்சார்ட்டின் சொனாட்டாக்கள். மொத்சார்ட்டைப் பிடிக்காது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு அத்தனை சொனாட்டாவையும் வாசித்துவைத்தார். அவற்றில் கே. 331 என்று எண்ணிட்ட சொனாட்டாவின் முதல் பகுதியைக் கேளுங்கள். அந்த இளகிய மெட்டை ஒவ்வொரு சுரமாகப் பிய்த்துப் பிய்த்து, ஆமை வேகத்தில் தொடங்குகிறார். வேண்டுமென்றே செய்கிற குறும்பு. ஒரு வெட்டும் ஒட்டும் இல்லாமல் ஒரே டேக்கில் வாசித்திருந்தாலும் அது அநியாயம்தான்.