அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, ஏதோ யுனிவர்சிட்டில பப்ளிக் பாலிசி (அரசாங்கக் கொள்கை பத்தின படிப்பு) படிக்கிற பிள்ளைங்க எங்க தெருவுக்கு வந்து பீடி சுத்துற பொம்பளைங்ககிட்ட மணிக்கணக்கா கேள்வி கேட்டுட்டு போனாவ. எங்களுக்கு என்ன பிரயோஜனம்? (வாசகி, பாப்பாக்குடி பக்கம்)

பதில்: நியாயமான கேள்வி தங்கச்சி. 1966 பீடி, சுருட்டு தொழிலாளர் சட்டத்துலயே இலை குடுக்கறது, சரியில்லன்னு பீடியை கழிக்கறது, கழிச்சதுக்கு கூலி, இந்த தகராறுக்கெல்லாம் வழி சொல்லியிருந்தாங்க, ஆனா பீடிக் கடைக்காரர் எடை குறைச்சு இலை குடுத்துட்டு, கை காசுக்கு இலை வாங்கி ஆயிரம் பீடி கணக்கை நிரப்புன்னு சொன்னா அது எந்த ஃபைல்லயும் வராது, உங்க பீடித் தட்டுக்கு பக்கத்துல வந்து உக்காந்தாதான் தெரியும். அந்தப் படிப்போட வேலையே அதான், சட்டம் சென்னையில ஒரு மாதிரி இருக்கு, ஊருக்கு வரும்போது எப்படி ஆகுதுன்னு பாக்கறது. ஆனா கேட்டுட்டு போயி இங்கிலீஷ்ல ரிப்போர்ட் போட்டுட்டு ஊரை மறந்துட்டா அது ஆராய்ச்சி இல்ல, மார்க் வாங்குற வேலை (எனக்கு இதுல கோவம் உண்டு). அடுத்த தடவை வந்தா பேரு வெளிய வருமான்னு மொதல்ல கேளுங்க, பிடிக்கலேன்னா பதில் சொல்லாண்டாம். ரிப்போர்ட்டை தமிழ்ல கிராம சபையில வாசிக்கச் சொல்லுங்க. வருசத்துல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு ஆறு நாள் இருக்குல்லா, தீர்மானமா எழுதிட்டா பஞ்சாயத்து ரெக்கார்டுல நிக்கும்.

கேள்வி: அந்த பப்ளிக் பாலிசியைப் படிச்சா கலெக்டர் ஆவலாமா? (வாசகர், பேட்டை)

பதில்: அதுக்கு யுபிஎஸ்சி எழுதணும்டே.