பொர்தோ வைனுக்கு எந்தச் சீஸ் கொண்டுபோவது?

தம்பி, பாரிசுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, வேலையிடத்துப் பொறுப்பாளர் சனி இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், "சிவப்பு வைன் என் பொறுப்பு, பொர்தோ எடுத்து வைத்திருக்கிறேன், புறொமாஜ் (சீஸ்) நீ கொண்டு வா, ஆறு பேர்" என்று சொல்லிவிட்டார், எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல காலம், வாங்குவதற்கு முன் கேட்டீர்கள். நான் கேட்காமல் போனவன்.

22 வருடத்துக்கு முன் எனக்கும் இப்படித்தான் ஓர் அழைப்பு. மரப்பெட்டி அழகாக இருக்கிறதென்று எப்புவாஸ் ஒன்று வாங்கினேன். புர்கோன் பக்கத்துச் சீஸ் அது. திராட்சைச் சக்கையில் வடித்த சாராயத்தால் அதன் தோலைக் கழுவிக் கழுவி முதிர வைப்பார்கள். வாயில் வைத்தால் அருமை, மூக்குக்குத்தான் பாடு. மெட்ரோவில் கருவாட்டு மூட்டையோடு ஏறியவனைப் போல இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார். அதோடு றொக்போர் என்ற நீலப் பூஞ்சைச் சீஸ் வேறு வாங்கியிருந்தேன். அதைத் தின்று கடும் பொர்தோவை ஒரு மிடறு குடித்ததும் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது.

ஏன் அப்படி என்று பிறகுதான் விளங்கியது. சாயத் தேத்தண்ணியை நினைத்துப் பாருங்கள். கடுமையாக ஊற்றினால் நாக்கைப் பிடித்து இழுக்கும். பால் விட்டதும் அந்தத் துவர்ப்பு அடங்கிவிடும். பாலிலுள்ள புரதம் துவர்ப்பைக் கட்டிவிடுகிறது. சிவப்பு வைனில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குவதும் அதே துவர்ப்புத்தான், தனின் என்பார்கள். பொர்தோவில் கபர்னே சொவிஞோன் திராட்சை கூடுதலாக இருந்தால் துவர்ப்பும் கூடுதல். அதற்கு எதிரே நிற்கப் புரதமும் கொழுப்பும் செறிந்த, தண்ணீர் வற்றிய சீஸ் வேண்டும். அதாவது கெட்டியானது, மாதக்கணக்கில் முதிர்ந்தது. மென்மையான, புளித்த, உப்புக் கரிக்கும் சீஸ்களோடு துவர்ப்பு மல்லுக்கட்டும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். முதலில் கொந்தே. ஜூரா மலைப்பக்கம் மொன்பெலியார்ட் மாட்டின் காய்ச்சாத பாலில் செய்வது. ஒரு சக்கரம் ஏறக்குறைய 40 கிலோ வரும். குறைந்தது நாலு மாதமாவது முதிராமல் விற்க முடியாது. நீங்கள் 18 மாதத்தது கேளுங்கள். கடிக்கும்போது கல்லுப்புப் போல நறநறக்கும். உப்பல்ல அது, புரதம் உடைந்து உண்டாகும் படிகம். ஜூராக்காரரைக் கேட்டால் கொந்தேக்குத் தங்கள் ஊர் மஞ்சள் வைன்தான் பொருத்தம் என்பார்கள். அது அவர்கள் ஊர்ப் பாசம், பொர்தோவோடும் இது முகம் சுளிக்காது.

அடுத்து ஒசோ-இராத்தி. பிரெனே மலையடியில் செம்மறிப் பாலில் செய்வது. இதைக் கறுப்புச் செரி ஜாமோடு சாப்பிடுவார்கள், சின்னப் போத்தல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வைக்கும் இடத்தில் மரியாதை கிடைக்கும். மூன்றாவதாக, முதிர்ந்த மிமொலெத். பூசணிக் கீறு போல ஆரஞ்சு நிறம், லில் நகரத்துப் பக்கம். தோல் முழுக்கக் குழி குழியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சீஸ் உண்ணிகள் அரித்த குழிகள் அவை. இதை விருந்தில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்குத் தெரியும்.

கமம்பேர் இல்லாமல் தட்டா என்று கடைக்காரர் கேட்பார். அது நொர்மாந்திச் சீஸ், அங்கே திராட்சை அல்ல, ஆப்பிள்தான். கமம்பேருக்கு ஆப்பிளில் செய்த சீத்ர்தான் சோடி. ஆட்டுப்பால் சீஸும் அப்படித்தான். ஷவிஞோல் என்ற ஆட்டுச் சீஸ் ஊரும் சான்சேர் வெள்ளை வைன் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. றொக்போருக்கு சொத்தேர்ன் என்ற இனிப்பு வெள்ளை வைன். சீஸ் என்றாலே சிவப்பு வைன் என்பது இந்த நாட்டிலும் வெறும் பழக்கம்தான், நாக்கு ஒத்துக்கொண்ட விதியல்ல.

அளவு: சாப்பாட்டுக்குப் பின், இனிப்புக்கு முன் வருவதால் ஆளுக்கு 60 கிராம் போதும். ஆறு பேருக்கு மொத்தம் 360 கிராம், 400 ஆகவே வாங்கிவிடுங்கள். கிலோ விலையைப் பார்த்துத் தலை சுற்ற வேண்டாம். சுப்பர் மார்க்கெட்டுக்குப் போகாமல் சீஸ் மட்டும் விற்கும் புறொமாஜெரிக்குப் போங்கள். "பொர்தோவுக்கு, ஆறு பேருக்கு" என்று சொன்னாலே வெட்டித் தருவார்கள், ருசி பார்க்கவும் ஒரு சீவல் தருவார்கள். "சூ வீட்" என்று கேட்டால் காற்றை எடுத்து மூடித் தருவார்கள், மெட்ரோவில் தப்பிவிடுவீர்கள். சாப்பிட ஒரு மணி நேரத்துக்கு முன் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள், குளிரில் ருசி தூங்கிவிடும்.

நீங்கள் சைவமா என்று தெரியவில்லை. சைவமென்றால் ஒன்று கவனியுங்கள். பாலைத் திரைய வைக்கப் பிரெசூர் என்று ஒன்று சேர்ப்பார்கள், அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. கொந்தே உட்பட மரபுச் சீஸ்கள் பெரும்பாலும் அப்படித்தான். எனக்கு இது தெரிய ஆறு வருடம் ஆனது. தெரிந்தபின் என் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

கடைசியாக, தட்டில் முக்கோணமாகச் சீஸ் இருந்தால் அதன் கூர்முனையை மட்டும் வெட்டி எடுத்துவிடாதீர்கள். அந்த முனைதான் சீஸின் நடுப்பகுதி, ருசி அங்கேதான், அதை ஒருவரே எடுப்பது எங்கள் வீட்டில் மீன்தலையை விருந்தாளி தானே அள்ளிப் போட்டுக்கொள்வது மாதிரி. பக்கவாட்டில் நீளமாகச் சீவுங்கள். குடிக்காதவர் என்றால் "நோன், மெர்சி" என்று ஒரு தரம் சொன்னால் போதும், தண்ணீர் ஊற்றித் தருவார்கள். எங்கள் ஆட்களைப் போல நாலு தரம் வற்புறுத்த மாட்டார்கள்.