ஷியாட்சு: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஷியாட்சு என்பது மசாஜ்தானே சார்?

பதில்: இது ஜப்பானிய அழுத்த முறை. எண்ணெய் இல்லை, தேய்ப்பதும் இல்லை. தரையில் மெத்தை விரித்து, உடுத்திய துணியோடு படுக்க வைப்பார்கள். கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் நேராக அழுத்தி, சில விநாடி நிறுத்தி, மெல்ல விடுவார்கள். கைபலத்தால் அல்ல, தன் உடம்பு எடையைச் சாய்த்துத்தான் அழுத்துவார்கள். முரட்டுத்தனமாக அழுத்துபவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: யார் தொடங்கியது?

பதில்: ஜப்பானில் 'அன்மா' என்று பிடித்துவிடும் பழைய முறை உண்டு. எடோ காலத்தில் (1603–1868) பார்வையற்றவர்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு. ஷியாட்சுவுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் டொகுஜிரோ நமிகோஷி (1905–2000). குடும்பம் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் குடியேறியபின், மூட்டுவலியில் துடித்த தாய்க்குச் சிறுவயதில் அழுத்திவிட்டே பழகியவர். 1940ல் டோக்கியோவில் பள்ளி தொடங்கினார். இன்று ஜப்பானில் 3 ஆண்டு படித்து, அரசுத் தேர்வில் தேறினால்தான் உரிமம்.

கேள்வி: மசுனாகாவை விட்டுவிட்டீர்களே! மெரிடியன், அதாவது உடம்பில் உயிராற்றல் ஓடும் பாதை, இல்லாமல் ஷியாட்சுவா?

பதில்: ஷிசுதோ மசுனாகா (1925–1981) எனக்கும் பிடித்தவர். உளவியல் படித்தவர், நமிகோஷியின் பள்ளியிலேயே கற்பித்தவர். உயிராற்றல் குறைந்த இடம் வெறுமை, மிகுந்த இடம் நிறைவு என்று உடம்பைக் கையால் 'படிக்க'ச் சொன்னார். ஒரு கை அழுத்தும்போது இன்னொரு கை சும்மா தாங்கியிருக்கும் அவருடைய முறை அருமையானது. ஆனால் மெரிடியன் என்ற பாதை உடற்கூறியலில் எங்கும் அகப்படவில்லை. நமிகோஷி வழி தசை, நரம்பு என்றே பேசுகிறது. நான் அந்தப் பக்கம்.

கேள்வி: அகப்படவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. இருக்கிறது என்றும் ஆகாதே! மெரிடியனை நம்பாதவரின் கையிலும் தோள் இறுக்கம் தளர்கிறது. அப்படியென்றால் பலன் தருவது அழுத்தமும் கவனமும்தான் என்பது என் கட்சி. இதை மறுத்து இன்னும் நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: என்ன பலன் கிடைக்கும்?

பதில்: கழுத்து, தோள் இறுக்கம் தளரும், மனம் அமைதியாகும், சிலருக்கு நல்ல தூக்கம் வரும். ஆய்வுகள் சிறியவை, குறைவு. அதற்கு மேல் யார் வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் குணமாகுமா?

பதில்: ஆகாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தைராய்டு?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, அழுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது! கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கலாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கர்ப்பிணிகள்?

பதில்: முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 70. வீட்டிலேயே நான் செய்துவிடலாமா?

பதில்: எலும்புத் தேய்மானம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் இல்லையென்றால் தோளில் தொடங்குங்கள். முதுகெலும்பின் மேல் வேண்டாம், இருபுறமும் உள்ள தசையில் உள்ளங்கையால் மட்டும். அவர் மூச்சை விடும்போது சாயுங்கள், இழுக்கும்போது விடுங்கள். கால் வீங்கியிருந்தால்? மறுபடி சொல்கிறேன், தொடாதீர்கள்.